ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையக் கட்டணம்: மும்பை

ஆய்வுக் கட்டுரை ஒன்றின் முழு வடிவத்தை இணையத்தில் படிக்கவோ இறக்கிக்கொள்ளவோ வாசகர், அல்லது அவர் சார்ந்த நிறுவனம், பதிப்பகத்துக்குச் செலுத்தும் தொகை இது. கட்டுரையின் சுருக்கத்தை யாரும் படிக்கலாம். அதற்குக் கீழே விலை போட்டிருக்கும். பெரிய பன்னாட்டுப் பதிப்பகங்கள் ஒரு கட்டுரைக்குப் பொதுவாக 30 முதல் 40 டாலர் வரை கேட்கின்றன. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் இது 2,550 முதல் 3,400 ரூபாய் ஆகிறது. கட்டுரையை எழுதியவருக்கும் அதை மதிப்பிட்டுத் தந்தவர்களுக்கும் இத்தொகையில் பங்கு கிடையாது. நிறுவனங்கள் ஆண்டுச் சந்தா கட்டுகின்றன. அவற்றின் வளாகத்துக்குள் இருப்பவர் எதுவும் தராமலே படிக்கிறார்.

கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், பரேலில் கேஇஎம் மருத்துவமனையும் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியும், மாட்டுங்காவில் ரசாயனத் தொழில்நுட்பக் கழகமும் விஜேடிஐ பொறியியல் கல்லூரியும், செம்பூரை அடுத்த தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் கழகம், டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம், பவாயில் ஐஐடி என மும்பையில் ஆய்வு நிறுவனங்கள் நெருங்கி இருக்கின்றன. ஆகவே ஒரே கட்டுரைக்கு ஒரே நகரில் பல விலைகள் நிலவுகின்றன. படிப்பவர் எந்த வாசலுக்குள் இருக்கிறார் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

அச்சுக் காலம்

இணையத்துக்கு முன்னர் கட்டுரை தேடியவர்களுக்கு அஞ்சலட்டை பெரிய துணையாக இருந்தது. கட்டுரையாளருக்கு அவருடைய இதழ் சில தனிப்படிகளை அனுப்பிவைக்கும். இங்கிருக்கும் ஆய்வாளர், கட்டுரையின் தலைப்பையும் இதழின் பெயரையும் அச்சிட்ட அட்டையில் நிரப்பி, ஒரு படி அனுப்பும்படி வெளிநாட்டு ஆசிரியருக்கே எழுதுவார். சில வாரங்களிலோ மாதங்களிலோ உறை வந்து சேரும். சில வேளை ஆசிரியர் தம் கையெழுத்தில் இரண்டு வரி வாழ்த்தும் எழுதியிருப்பார். தபால் தலையைத் தவிர இதற்குச் செலவில்லை. கட்டுரைப் பிரதிகளை எடுத்துத் தருவதற்கென்றே 1952இல் டெல்லியில் இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையம் யுனெஸ்கோ உதவியுடன் தொடங்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் சென்னையிலிருந்து சென்ற நூலகவியலாளர் சீ. இரா. அரங்கநாதனுக்கு முக்கியப் பங்கு உண்டு.

மாட்டுங்கா ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. வேதியியல் ஆய்வுக்கு 1907 முதல் வெளிவந்த ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ இன்றியமையாததாக இருந்தது. எந்தக் கட்டுரை எங்கே வந்தது என்பதைத் தடித்த தொகுதிகளில் விரலோட்டித் தேடுவது அத்துறை மாணவரின் முதல் பயிற்சியாக இருந்தது. அதன் அச்சு வடிவம் 2010 தொடக்கத்தில் நின்றது.

வெளிநாட்டு இதழ்களின் சந்தா டாலரிலும் பவுண்டிலும் இருந்ததால், ரூபாயின் மதிப்பு இறங்கியபோதெல்லாம் நூலகம் அடிவாங்கியது. புத்தகங்களுக்கும் இதழ்களுக்குமான மாற்று விகிதத்தை குட் ஆஃபிசஸ் கமிட்டி என்ற குழு அறிவிக்க, விற்பனையாளர்கள் அதன்படி பில் போட்டனர். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை குறைக்கப்பட்டதும் நாடெங்கும் நூலகங்கள் இதழ்களை வெட்டத் தொடங்கின.

கூட்டமைப்புகள்

தனித்தனியே வாங்குவதற்குப் பதில் நூலகங்கள் சேர்ந்து பேரம் பேசும் முறை 2000களில் பரவியது. வானியல் நூலகங்கள் 1981இலேயே ஃபோர்சா என்ற பெயரில் இணைந்திருந்தன. 2003இல் இண்டெஸ்ட் கூட்டமைப்பு ஐஐடிகளை ஒன்று சேர்த்தது; பவாயும் அதில் அடங்கும். டிராம்பே உள்ளிட்ட அணுசக்தித் துறை நிறுவனங்கள் தமக்கெனத் தனிக் கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. பல்கலைக்கழகங்களுக்கு 2004இல் யுஜிசி இன்ஃபோநெட் வந்தது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அதை நடத்தியது. 2015இல் இண்டெஸ்ட்டும் யுஜிசி இன்ஃபோநெட்டும் இணைந்து ஈ-சோத்சிந்து ஆயின.

கல்லூரிகளுக்கென 2010இல் என்-லிஸ்ட் திட்டம் தொடங்கியது. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்று ஆண்டுக்கு 5,000 ரூபாயும் வரியும், அதாவது 5,900 ரூபாய் கட்டினால் 6,000க்கும் மேற்பட்ட இதழ்கள் அதன் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்துவிடும். பதிப்பகத் தளத்தில் இரண்டு கட்டுரைகளைத் தனியாக வாங்கும் விலையும் ஏறக்குறைய இதுவே. கூட்டாக வாங்குவதன் பலனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு இல்லை. ஆனால் எல்லா இதழ்களும் பட்டியலில் இல்லை. படிப்பை முடித்து வெளியேறும் மாணவரின் கடவுச்சொல்லும் அன்றோடு செல்லாது.

உலக சுகாதார நிறுவனம் ஏழை நாடுகளுக்காக 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டம் மருத்துவ இதழ்களை இலவசமாகவும் குறைந்த விலைக்கும் தந்தது. இந்தியா அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை.

பரேலின் வழி

மும்பையின் கட்டண வரலாற்றில் நின்று நோக்கத்தக்க பகுதி இது. ‘ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின்’ என்ற காலாண்டிதழை சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி, கேஇஎம் மருத்துவமனை மருத்துவர்களின் சங்கம் 1955 முதல் வெளியிடுகிறது. மாநகராட்சி மருத்துவமனையின் நெரிசலுக்கு நடுவே பணிபுரியும் மருத்துவர்களே அதன் ஆசிரியர் குழு. 2000களின் தொடக்கத்தில் அவ்விதழ் தன் கட்டுரைகளை இணையத்தில் முழுமையாக, வாசகரிடமும் எழுதுபவரிடமும் காசு கேட்காமல் வைத்தது. ஆய்வுகளை யாரும் இலவசமாகப் படிக்க வழிசெய்யும் திறந்த அணுக்கத்துக்கான புடாபெஸ்ட் அறிக்கை 2002 பிப்ரவரியில் வந்த காலம் அது.

இம்முயற்சியோடு தொடர்புடைய மருத்துவர் டி.கே. சாகு 1997இல் மும்பையில் மெட்நோ என்ற பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். இந்திய மருத்துவச் சங்கங்களின் இதழ்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக, அதன் வழியே இலவசமாக இணையமேறின. அச்சுப் பிரதிக்கான சந்தாவும் விளம்பரமும் செலவைத் தாங்கின. இணையத்தில் இலவசமாகக் கொடுத்த பின் அச்சுச் சந்தா குறையவில்லை, கூடவே செய்தது என்று அப்பதிப்பகத்தார் சொல்லிவந்தனர். இலவச வாசிப்புதான் அதற்குக் காரணமா, இதழ்களின் பெயர் பரவியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2011இல் வோல்டர்ஸ் குளுவர் நிறுவனம் மெட்நோவை வாங்கியது.

மும்பையிலிருந்தே 1993இல் தொடங்கிய மருத்துவ அறவியல் இதழும் (இன்றைய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ்’) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதே நகரின் இன்னொரு புகழ்பெற்ற வெளியீடான ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ வேறு வழியில் நடந்தது. சச்சின் சவுத்ரி 1949இல் ‘எகனாமிக் வீக்லி’ என்ற பெயரில் தொடங்கி, 1966இல் புதுப்பெயர் பெற்ற அவ்விதழின் பழைய கட்டுரைகளைப் படிக்கச் சந்தா வேண்டும். ஜேஸ்டோர் என்ற மின்தொகுப்புக்குச் சந்தா உள்ள நூலகங்களிலும் அவை கிடைக்கும். அரசு மானியமோ பெரும் பதிப்பகமோ பின்னணியில் இல்லாமல் ஓர் அறக்கட்டளை நடத்தும் வார இதழுக்குச் சந்தா முக்கிய வருவாய் என்பதால், இதைப் பன்னாட்டுப் பதிப்பகங்களின் விலையோடு ஒரே தட்டில் வைப்பது முறையாகாது.

ஆய்வுப் பொருளானவர்கள்

தாராவியும் மும்பையின் பிற குடிசைப் பகுதிகளும் உலகில் மிகுதியாக ஆராயப்பட்ட இடங்களுள் அடங்கும். தமிழர் பெருமளவில் வாழும் அப்பகுதிகளைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் வெளிநாட்டு இதழ்களில் வந்தவை. அர்ஜுன் அப்பாதுரையின் ‘டீப் டெமாக்ரசி’ கட்டுரை 2001இலும் 2002இலும் இரண்டு இதழ்களில் வெளியானது; 2002இல் வெளியிட்ட ‘பப்ளிக் கல்ச்சர்’ சந்தா இதழ். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, ஸ்பார்க், மகிளா மிலன் ஆகியவற்றின் பணியே அதன் பொருள். அக்கூட்டமைப்பை வழிநடத்திய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர்; 2000இல் மகசேசே விருது பெற்றார். அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976இல் அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக அகற்றப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். தம்மைப் பற்றிய ஆய்வைப் படிக்க அம்மக்கள் டாலரில் விலை தர நேர்வது இம்முறையின் ஆகப் பெரிய குறை. உள்ளூர் அமைப்புகள் ஆய்வாளர்களிடம் நேரில் பிரதி கேட்டு வாங்கும் வழக்கமே இன்றும் கைகொடுக்கிறது.

வழக்கு

கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கிய சை-ஹப் தளம் பூட்டிய கட்டுரைகளைக் கட்டணமின்றித் தந்தது. 2016இல் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட ஆறு மாதக் கணக்கில், சீனாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலிருந்து சுமார் 34 லட்சம் பதிவிறக்கக் கோரிக்கைகள் சென்றிருந்தன. வசதியின்மையே காரணம் என்பர் ஒரு சாரார்; சந்தா உள்ளவர்களும் எளிமைக்காக அதை நாடினர் என்பர் மற்றொரு சாரார். எல்செவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஆகியவை 2020 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அதே நீதிமன்றம் 2016இல் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் கல்விப் பயன்பாட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்ததால் அறிவியல் அமைப்புகள் நம்பிக்கையோடு தலையிட்டன. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவானது.

ஒரே நாடு ஒரே சந்தா

2024 நவம்பர் 25 அன்று அரசு நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்து மத்திய அரசே சந்தா கட்டும் இத்திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடிப் பயனாளர்கள். தலைக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் அளவில் வருகிறது. இப்பெருந்தொகையைத் திறந்த அணுக்கத்துக்கே செலவிட்டிருக்கலாம் என்ற வாதமும், மாணவர் காத்திருக்க முடியாது என்ற பதிலும் தொடர்கின்றன. இன்ஃப்ளிப்நெட் வழியே சேவை 2025 ஜனவரி 1 அன்று தொடங்கியது. தனியார் நிறுவனங்களும், எந்த நிறுவனத்தையும் சாராத தனி வாசகர்களும் முதற்கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குப் பதிப்பகம் குறித்த டாலர் விலையே இன்னும் பொருந்துகிறது.