கேட்பாரற்று கிடக்கும் வண்டி: ஆர்.சி. புத்தகத்தில் பேர் இருக்கும் வரை நீங்கதான் பொறுப்பு!

கடம்பத்தூர்:

ரெயில் நிலையம் பக்கம் பைக்கை ஓரங்கட்டிவிட்டு மின்சார ரெயில் பிடித்து வேலைக்கு ஓடுபவர்கள் கடம்பத்தூரில் ஏராளம். அதே தெருவோரங்களில் டயர் மண்ணாகி, சீட் கிழிந்து, "யாரு வண்டியோ" என்று மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளும் உண்டு. இந்த இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். அது தெரியாமல் போனால் வண்டியும் போகும், கைக்காசும் போகும்.

10 மணி நேரம்தான் கெடு

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம் 127-வது பிரிவு இதைப் பற்றி சொல்கிறது. பொது இடத்தில் ஒரு வண்டி 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நின்றால், சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி அதை இழுத்துச் செல்ல உத்தரவிடலாம். சக்கரத்துக்கு பூட்டும் போடலாம்.

விபத்தில் நொறுங்கியது, எரிந்துபோனது, பாதி கழற்றப்பட்டது போன்ற வண்டி போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் 10 மணி நேரம்கூட காத்திருக்க வேண்டாம். உடனே அகற்றலாம். இழுத்துச் சென்ற செலவு முழுக்க உரிமையாளர் தலையில்தான் விழும். போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததற்காக 201-வது பிரிவில் ரூ.500 வரை அபராதம் தனி.

12 மணி நேர ஷிப்ட், அதோடு ரெயில் பயண நேரம் என்று கணக்குப் போட்டால் 10 மணி நேரம் சுலபமாக தாண்டிவிடும். அதனால் ரோட்டோரத்தில் விடுவதைவிட, ரசீது கொடுக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் விடுவதே நல்லது.

"யாரும் கேட்கல" என்று கை வைக்காதீர்கள்

வீட்டு வாசலில் ஆறு மாதமாக ஒரு வண்டி நிற்கிறது என்பதற்காக அதை காயலான் கடையில் எடைக்குப் போட்டால் திருட்டு வழக்கு வரலாம். அது திருட்டு வண்டியாகவோ, குற்றத்தில் பயன்படுத்திய வண்டியாகவோ இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். வண்டி எண்ணை குறித்துக்கொண்டு போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கிராம ரோட்டை அடைத்து நின்றால் ஊராட்சி அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம்.

கொசுவுக்கும் அது வீடு

பழைய டயரிலும், உடைந்த லாரி கேபினிலும் தேங்கும் மழைத்தண்ணீர் டெங்குவை பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு தோதான இடம். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, அடுத்த மழையில் பொரிக்கும். வண்டி சொந்த இடத்தில் நின்றாலும், கொசு உற்பத்தியானால் 1939-ம் ஆண்டு பொது சுகாதார சட்டப்படி சுகாதாரத்துறை நோட்டீஸ் கொடுக்கலாம்.

போலீஸ் நிலையத்தில் துருப்பிடிக்கும் வண்டி

பிடிபட்ட வண்டிகளை போலீஸ் நிலைய வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது என்று குஜராத் வழக்கு ஒன்றில் 2002-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கி உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம். யாரும் வராவிட்டால் ஏலம் விடலாம் என்றது.

2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டம் இதற்கு நாள் கணக்கே வைத்துவிட்டது. பொருள் கோர்ட்டில் ஆஜர்படுத்தப்பட்ட 14 நாளில் விவரப் பட்டியல் தயாராக வேண்டும். அதிலிருந்து 30 நாளில் அதை என்ன செய்வது என்று கோர்ட்டு உத்தரவிட வேண்டும்.

திருடுபோன உங்கள் வண்டி ஸ்டேஷனில் நிற்பது தெரிந்தால் சும்மா இருக்க வேண்டாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகார் நகல் ஆகியவற்றுடன் உரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். உரிமையாளர் யார் என்றே தெரியாத வண்டிக்கு, உரிமை கோர 6 மாத அவகாசம் கொடுத்து அறிவிப்பு வெளியிடப்படும்.

விற்றாலும் விடாது

வண்டியை விற்று காசு வாங்கியதோடு கதை முடிவதில்லை. அரியானாவில் ஒருவர் 2007-ல் காரை விற்றார். கார் பல கை மாறியது. 2009-ல் அந்த கார் மோதி ஓர் உயிர் போனது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பேரே இருந்தது. "பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு" என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

எனவே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பேர் மாற்ற வேண்டும். "நாளைக்கு மாத்திக்கிறேன்" என்ற வாய்ப்பேச்சு கோர்ட்டில் செல்லாது.

ஓடாத வண்டிக்கு முறையான முடிவு

இனி ஓடவே ஓடாது என்ற நிலைக்கு வந்த வண்டி பற்றி 14 நாளுக்குள், முடியாவிட்டால் முடிந்தவரை சீக்கிரம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். இது 55-வது பிரிவு. டி.என்.20 என்று தொடங்கும் வண்டிகளுக்கு திருவள்ளூர் ஆர்.டி.ஓ. அலுவலகம்.

2021-ம் ஆண்டு வந்த விதிகளின்படி, அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்திலும் வண்டியை ஒப்படைக்கலாம். அது திருட்டு வண்டியா என்று பார்த்த பிறகே எடுப்பார்கள். பைனான்ஸ் பாக்கி இருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும். அங்கே தரும் டெபாசிட் சான்றிதழைக் காட்டி புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. இந்த சலுகை 2022 ஏப்ரல் 1 முதல் உள்ளது.

காயலான் கடையில் போட்ட இரும்பு, கும்மிடிப்பூண்டி பக்கத்து உருக்காலைக்குப் போய் கம்பியாகவே மாறிவிடலாம். ஆனால் பதிவை ரத்து செய்யாத வரை ஆர்.டி.ஓ. கணினியில் அந்த வண்டி உயிரோடுதான் இருக்கும். அந்த நம்பர் பிளேட்டை வேறு வண்டியில் மாட்டி யாராவது தப்பு செய்தால், போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.