கோலார் தங்கம் எப்படி அங்கே வந்தது?

பங்காரப்பேட்டையிலிருந்து ரயிலில் கோலார் தங்கவயல் பக்கம் போனால் முதலில் கண்ணில் படுவது சயனைடு மேடுகள்தான். பாறையை அரைச்சு, தங்கத்தை எடுத்துட்டுக் கொட்டின மண். இவ்வளவு பாறையை அரைக்கும் அளவுக்கு இந்த இடத்தில் மட்டும் தங்கம் எப்படி வந்து சேர்ந்தது? போன முறை போனப்போ இந்தக் கேள்வி மண்டையைக் குடைஞ்சுது. அப்புறம் ரெண்டு மாசம் நிலவியல் படிச்சேன்.

சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம்தான் இருக்கும். சுரங்கம் கட்டுப்படியாகணும்னா அது ஆயிரம் மடங்காவது கூடணும். கோலாரில் அந்த வேலையைச் செய்தது வெந்நீர். அங்கே உள்ளவை சுமார் 270 கோடி வருஷத்துக்கு முந்தைய எரிமலைப் பாறைகள். ஆழத்தில் பாறை சூடேறும்போது, கனிமங்களில் பூட்டிக் கிடந்த நீர் கந்தகத்தையும் சேர்த்துக்கிட்டு வெளியே வரும். வெறும் நீரில் தங்கம் கரையாது. கந்தகம் கூட இருந்து, நல்ல சூடும் இருந்தால் கரையும். அந்த நீர் விரிசல் வழியா மேலே ஏறும்.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேல்தான். விரிசலின் ரெண்டு பக்கமும் இரும்புச் சத்துள்ள பாறை. இரும்பு கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு பைரைட் மாதிரியான கனிமமா மாறிடும். பிடிமானம் போன தங்கம் அங்கேயே படிஞ்சிடும். பூமி அசைஞ்சு விரிசல் திறக்கும்போது அழுத்தமும் சட்டுனு இறங்கும். வெங்கச்சங்கல்லும் தங்கமும் சேர்ந்து இறுகும். இது ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப நடந்தது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து அந்த வெள்ளைக்கல் ரேகையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கியது. ரேகை கிட்டத்தட்ட செங்குத்தா போனதால் சுரங்கமும் அப்படியே போச்சு, 3 கிலோமீட்டருக்கும் கீழே. இறங்கினவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள். அடியில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். ரேகையை வெட்டி எடுத்த இடம் காலியாக, அது சுமந்த பாரம் மிச்சப் பாறை மேல் ஏறும். தாங்காதப்போ பாறை வெடிக்கும்.

டீக்கடையில் ஒரு பெரியவர்கிட்ட இந்தக் கந்தகக் கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டார். "கல்லு வெடிச்சதுலதாம்பா எங்கப்பா போனாரு. நீ சொல்ற மாதிரி விரிசல் இல்லேன்னா தங்கமே இல்லியா?" இல்லைங்க ஐயா என்றேன். அவர் டீயைக் குடிச்சு முடிச்சார்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினாங்க. தங்கம் தீர்ந்து இல்லை, எடுக்கிற செலவு கட்டுப்படியாகாம. பம்புகள் நின்னதும் கீழே தண்ணீர் ஏற ஆரம்பிச்சது.