வெள்ளோட்டம்

யாழ்ப்பாணத்து ஆலயமொன்றில் புதிய தேர் செய்து முடிந்ததும், உற்சவ நாளில் சுவாமியை அதில் எழுந்தருளச் செய்வதற்கு முன்னர், சுபதினமொன்று பார்த்து வெறுந்தேரை வீதிவலம் இழுத்துப் பார்க்கும் சம்பிரதாயத்தை வெள்ளோட்டம் என்கிறோம். வடம் பிடிக்கும் அடியார்களின் கண்கள் உச்சிக் கலசத்தில் இருக்க, தேரைச் செய்த ஆசாரியாரோ சில்லுக்கு அருகே குனிந்து நடந்தவாறு, அச்சு எங்கே முனகுகிறது, வீதி மூலையில் திரும்புகையில் பாரம் எப்பக்கம் சாய்கிறது என்பதையே கவனித்து வருவார். 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துச் சென்ற அன்னபூரணியைக் கட்டிய வல்வெட்டித்துறையிலும், கடலில் முதன்முதல் இறங்கும் கலத்தின் பயணத்துக்கு இச்சொல்லே உரியது.

தேருக்கும் கலத்துக்கும் உரிய இவ்வழக்கம் இந்நாட்டில் எழுத்துக்கும் உரியதாயிற்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு யாழ்ப்பாணத்திலே திருத்திய விவிலியத் தமிழ், 1850-இல் அச்சேறியபோது முடிந்த முடிபாக அல்லாமல் பரீட்சார்த்தப் பதிப்பாகவே வெளிவந்தது. தென்னிந்திய சபைகள் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும், அத்தனை வருஷப் பிரயாசையின் பலனைப் பிறர் குறை கூறுவதற்கென்றே முன்வைத்த அந்த மனப்பக்குவத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எழுத்து யந்திரத்துக்குள் புகுந்த கதையும் இம்மண்ணிலிருந்தே தொடங்குகிறது. 1886-இல் சுண்டுக்குளியில் பிறந்து, 1907-இல் மலாயாவுக்குப் புறப்பட்ட இளைஞரான ஆர். முத்தையா, சிங்கப்பூரில் வர்த்தக நிறுவனமொன்றிலே பணியாற்றிய காலத்தில், ஆங்கிலத்தைப் பொறியில் தட்டும் விரல்கள் தமிழை மட்டும் ஏன் தட்டக்கூடாது என்ற விசாரத்தில் இறங்கினார். தமிழ் எழுத்துக்களோ 247; பொறியில் அமையக்கூடிய விசைகளோ 50-க்கும் குறைவு. ஆகவே எழுத்தை முழுதாக வார்க்கும் எண்ணத்தை விடுத்து, அதனைக் கொம்பு, கால், விசிறி, புள்ளி என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து, மேலேயும் பக்கத்திலும் ஒட்ட வேண்டிய குறிகளுக்கு, தட்டினாலும் காகிதம் தாங்கிய உருளை நகராதபடி நகராவிசைகளை அமைத்தார். 'வி' என்று எழுத வேண்டின் முதலில் விசிறி விழும். உருளை அசையாது நிற்கும். பின்னர் 'வ' அதே இடத்தில் வந்து அமரும். முதலில் சமைத்த அமைப்பில் குறை கண்டு, திருத்தித் திருத்தி, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் நௌமன் ஆலையின் பிஜோ, ஐடியல் பொறிகளிலே தமிழைக் குடியேற்றிய அவர், தச்சனின் பொறுமையும் இலக்கணியின் நுண்மையும் ஒருங்கே பெற்றவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கச்சேரிகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் தமிழைத் தட்டிப் பழகிய தலைமுறையின் விரல் வரிசை, பொறி மறைந்த பின்னும் மறையவில்லை. ரெங்கநாதன் விசைப்பலகையாகவும், பின்னாளில் கணினியில் பாமினி எழுத்துருவாகவும் அதுவே நீடித்தது. கண்ணுக்குத் தெரியும் வரிசையே கைக்கும் வரிசை: 'கோ' என்பதற்கு முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து 'க', இறுதியில் கால். 1991-இல் வெளிவந்த யூனிகோடோ ஒலியின் வரிசையைக் கொண்டது. மெய்யை முன்வைத்து, உயிர்க்குறியை அதன்பின் சேமித்து, கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தும் வேலையை யந்திரத்திடமே விட்டுவிட்டது. அந்த வேலையைச் செய்யக் கைப்பேசிகளுக்கு நெடுங்காலம் தெரியவில்லை. 2014 ஜூன் மாதத்தில் ஆண்ட்ராய்டின் 'எல்' பதிப்பு, முழுமை பெறுமுன்னரே முன்னோட்டமாகச் சோதனைக்கு விடப்பட்டது. அவ்வருஷ இறுதியில் அது முற்றுப்பெற்று வந்தபோது, அதன் இடைமுக மொழிகளாகப் புதிதாகச் சேர்ந்தவற்றுள் தமிழும் சிங்களமும் ஒருங்கே இடம்பெற்றிருந்தன. இந்த நாட்டவர்க்கு அது சாமானிய விஷயமன்று.

சில காலத்துக்கு முன்னர், வேறொரு கைப்பேசி இயங்குதளத்தின் முன்னோட்டப் பிரதியை என் பழைய கருவியொன்றில் ஏற்றிப் பார்த்தேன். மின்கலம் விரைவில் தீர்ந்தது, கருவி சூடேறியது என்பனவெல்லாம் முன்னோட்டப் பிரதிகளுக்கு இயல்பானவை, அவற்றை விட்டுவிடுகிறேன். தமிழ் நன்றாகவே தெரிந்தது. அதில் தட்டெழுத்து முறை விசைப்பலகையும் இருக்கக் கண்டு, அரச அலுவலகமொன்றில் முப்பது வருஷம் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்ற அயல்வீட்டு அம்மையாரிடம் கருவியைக் கொடுத்தேன். சிறிய திரையில் இரு பெருவிரல்களால் எழுதுவதை அவர் விரும்பவில்லை; மேசைமேல் வைத்து, ஆட்காட்டி விரலால், தம் ஊர்ப்பெயரான கோண்டாவிலை எழுதத் தொடங்கினார். விரல் தன் பழக்கப்படி முதலில் இரட்டைக் கொம்பை நாடிற்று. திரையில் கொம்பும், அதன் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வெறும் வட்டமொன்றும் தோன்றின. 'க'வைத் தட்டினார், அது வட்டத்துக்கு அப்பால், கொம்போடு சேராமல் நின்றது.

"தம்பி, கொம்பு தனிய நிக்குது, பாருங்கோ," என்றார்.

நான் கணினியில் தமிழ் எழுதக் கற்ற நாள் முதல் மெய்யை முன்வைத்தே எழுதியவனாதலால், எத்தனை நாள் பரிசோதித்தாலும் இக்குறை என் கண்ணில் பட்டிராது. கொம்பு முதலில் வருமாயின் அடுத்த மெய் வரும்வரை அதனைக் காத்திருக்கச் செய்ய வேண்டும், முத்தையாவின் உருளை அசையாது காத்து நின்றதுபோல, என்று விளக்கி, விசைகள் தட்டப்பட்ட வரிசையையும் திரையின் படத்தையும் இணைத்துத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். இரண்டு முன்னோட்டப் பிரதிகள் கழிந்தன. மூன்றாவதை ஏற்றியதும் கருவியை எடுத்துக்கொண்டு மீண்டும் அவர் வீட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரட்டைக் கொம்பு, க, கால் என்று அதே பழைய வரிசையில் அவர் தட்டினார். கொம்பு காத்து நின்றது; 'க' வந்தது; கால் வந்து சேர்ந்தது. நிமிர்ந்து பாராமலே அடுத்த எழுத்துக்கான புள்ளியை அவர் விரல் தேடத் தொடங்கியிருந்தது.