சொல்லாத நாட்கள்

இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஓர் ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் தறிச் சத்தத்தைக் கொண்டே ஊர் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்ளலாம். அங்கே நெய்கிற துணியை யாரும் உடுத்துவதில்லை. புண்ணுக்குக் கட்டுகிற துணி அது. பேண்டேஜ் என்றும் காஸ் என்றும் ஆஸ்பத்திரிகளில் சொல்லுகிறார்களே, அதுதான். சுற்றுப்பட்டு ஊர்களிலும் இதே தொழில்தான். எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு இங்கிருந்து துணி மூட்டை மூட்டையாகப் போகிறது.

துணி போய்ச் சேர்ந்துவிடுகிறது. நெய்கிறவர்கள் வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்று வந்தால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் கேள்வி. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. புற்றுநோய்க்கு இதுதான் முதல் கேள்வி.

ஒருவர் பிழைத்தால் டாக்டர் கைராசிக்காரர் என்கிறோம். பிழைக்காவிட்டால் தலையெழுத்து என்கிறோம். மருத்துவர்களைக் கேட்டால், எந்தக் கட்டத்தில் வந்தார் என்று திருப்பிக் கேட்பார்கள். கர்ப்பப்பை வாயில் வருகிற புற்று அந்த இடத்தைத் தாண்டாமல் இருக்கும்போது வந்துவிட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் பிழைத்துக்கொள்ளுகிறார்கள். அது உடம்பின் தூரப் பகுதிகளுக்குப் பரவிய பிறகு வந்தால் இரண்டு பேர்கூடத் தேறுவதில்லை. வியாதி ஒன்றுதான், வைத்தியசாலையும் ஒன்றுதான். நடுவில் இருப்பது சில மாதங்கள். சில சமயம் சில வருஷங்கள். தென்பாண்டிச் சீமையிலும் அதைச் சுற்றியும் சென்ற நூறு ஆண்டுகளில் இந்த நோய்க்கு என்னென்ன செய்தார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தால், ரேடியத்தையும் கத்தியையும்விட இந்த மாதங்கள்தாம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன.

இராஜபாளையத்திலிருந்து தெற்கே, திருநெல்வேலியையும் நாகர்கோவிலையும் தாண்டிப் போனால் நெய்யூர். 1838-இல் அங்கே மிஷன் வைத்தியம் தொடங்கியது. ஆங்கில டாக்டர் சாமர்வெல் என்பவர் 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போன குழுவில் ஒருவர். சிகரம் கைக்கு எட்டவில்லை. ஊர் திரும்புமுன் தென்னாட்டைப் பார்க்கலாம் என்று வந்தவர் நெய்யூரில் ஒரே ஒரு சர்ஜனைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த உத்தியோகம் அதோடு போயிற்று. இடையில் 1924-இல் மறுபடி ஒரு முறை மலையேறப் போய் வந்ததைத் தவிர, இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில்தான் வேலை. அவரும் அவருடைய சகாக்களும் அங்கே ஓயாமல் கண்டது வாய்ப்புற்று. சகாக்களில் ஒருவரான டாக்டர் ஆர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வருகிற வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் லண்டன் மருத்துவப் பத்திரிகையான லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார். எந்தக் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்ளுகிறார்களோ அந்தக் கன்னத்தில்தான் புண் என்பது நெய்யூருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பஞ்சாலைப் பிரதேசத்துக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. பஞ்சு இருக்கிற இடத்தில் பீடி பற்றவைக்க முடியாது. ராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்ட வேண்டும். ஆகவே ஒரு துண்டுப் புகையிலை கடைவாயில் ஒதுங்கிவிடுகிறது. வாய்ப்புற்றைக் கண்டுபிடிக்க எந்த யந்திரமும் வேண்டாம். வெளிச்சமும் ஒரு ஜோடிக் கண்ணும் போதும். அப்படியும் ஜனங்கள் முற்றிய பிறகுதான் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். காரணம் மிகவும் அற்பமானது. ஆரம்பத்தில் அந்தப் புண் வலிப்பதில்லை! வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை யார் இழப்பார்கள்?

வியாதி கண்ணுக்குத் தெரிந்து, டாக்டர்களும் பக்கத்திலேயே இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஆகிவிடாது என்பதற்கு நாடறிந்த ஓர் உதாரணம் உண்டு. இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இன்று இருக்கிற விருதுநகர் மாவட்டத்தில்தான் திருச்சுழியும் இருக்கிறது. அங்கே 1879-இல் பிறந்து, பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு ஓடிப்போன பிள்ளைதான் ரமண மகரிஷி. 1949-ஆம் வருஷத் தொடக்கத்தில் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி தெரிந்தது. பிப்ரவரியில் ஆசிரமத்து டாக்டர் அதை எடுத்துவிட்டார். கட்டி திரும்பி வந்தது. மார்ச் மாதம் மறுபடி அறுத்தார்கள். பரிசோதனை செய்து பார்த்ததில் ‘சார்கோமா’ என்று தெரிந்தது. தசை, நரம்பு முதலியவற்றில் பிறக்கிற புற்று. ரேடியம் வைத்தார்கள். கையை எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர்கள் கருதினார்கள். மகரிஷி இசையவில்லை. ஆகஸ்டில் மூன்றாவது ஆப்பரேஷன், டிசம்பரில் நான்காவது. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு அவர் காலமானார்.

பக்தர்கள் இந்தக் கதையை அவருடைய நிஷ்டைக்குச் சான்றாகச் சொல்லுவார்கள். அது அவர்கள் உரிமை. எனக்கு இதில் வேறொன்றுதான் படுகிறது. அந்தப் பதினான்கு மாதத்தில் அந்தக் கட்டிலைச் சுற்றி என்னவெல்லாம் நடந்தது! ஆங்கில வைத்தியம் போதும் என்று ஒரு கட்சி. கத்தியே வைத்திருக்கக் கூடாது என்று ஒரு கட்சி. பச்சிலை கட்டினார்கள், ஹோமியோபதி கொடுத்தார்கள், ஒருவர் முறை பலிக்காவிட்டால் அடுத்தவர் வந்தார். எந்த வைத்தியம் வேண்டும் என்று அவரைக் கேட்டால், கவலைப்படுகிறவர்கள் நீங்கள், நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில்தான் பதில் வரும். கொடுத்ததைச் சாப்பிட்டார், கட்டியதை ஏற்றுக்கொண்டார், கையை வெட்டுவதை மட்டும் மறுத்தார். அன்று கையை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது. இப்போது இதே கட்டியோடு ஒருவர் போனால், முதலில் ஊசியால் துளி சதையெடுத்துப் பார்த்து, இன்னதென்று உறுதி செய்துகொண்டு, பிறகு சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து அகலமாக எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்துக் கையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். முதல் கத்தி எப்படி விழுகிறது என்பது இந்த வகைப் புற்றில் பெரிய விஷயம்.

நான் சொல்ல வந்தது, தீர்மானம் யாருடையது என்பதைப் பற்றி. மகரிஷி தாமே விரும்பி அதைப் பிறர் கையில் விட்டார். வேண்டியபோது வேண்டாம் என்று சொல்லவும் தெரிந்திருந்தது. நம்முடைய வீடுகளில் நோயாளியைக் கேட்காமலே தீர்மானம் பிறர் கைக்குப் போய்விடுகிறது. மாமியார், கொழுந்தன், வெளியூரில் உத்தியோகம் பார்க்கிற பிள்ளை, ஜோசியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் ஓட்டு உண்டு. படுத்திருக்கிறவருக்கு மட்டும் கிடையாது.

அந்த 1949-50-இல் சென்னை மாகாணத்துக்கு முதன்மந்திரியாக இருந்தவர் இராஜபாளையத்து பூ. ச. குமாரசாமி ராஜா. தலைநகரத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரியை ஒட்டி பர்னார்டு நிலையம் 1934 முதல் ரேடியம், எக்ஸ்ரே வைத்தியம் செய்துகொண்டிருந்தது. புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி மாகாணத்தில் இல்லை. அதைக் கொண்டுவர ஒரு பெண்மணி பல வருஷங்களாக வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை சுந்தராம்பாள் 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டர், அதுவும் 1912-இலேயே பட்டம் பெற்ற டாக்டர். இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் ஆறவிடவில்லை. இந்த நோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், இதற்கு எதற்கு ஓர் ஆஸ்பத்திரி என்கிற மாதிரி சர்க்கார் தரப்பிலிருந்து பதில் கிடைத்ததாக டாக்டர் சாந்தா பிற்காலத்தில் சொன்னதுண்டு. 1952 அக்டோபரில் அடையாற்றில் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு வேலை தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்த சாந்தா, 2021 ஜனவரியில் கண்ணை மூடுகிற வரை அந்த வளாகத்தைத்தான் வீடாகக் கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வந்துவிட்டது, கோபால்ட் யந்திரம் 1957-இல் வந்தது. நோயாளிகளும் வந்தார்கள், முற்றிய பிறகு.

அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல் நாமே அவர்கள் ஊருக்குப் போனால் என்ன என்று கேட்டுப் பார்த்த இடம் ஒன்று நமக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. மதுரைக்கு வடக்கே திண்டுக்கல் மாவட்டம். அங்குள்ள அம்பிளிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும் அடையாறு நிலையமும் பிரான்ஸில் லியோன் நகரத்திலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 2000-இல் இதைத் தொடங்கின. முன்நின்றவர் டாக்டர் சங்கரநாராயணன். முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களைக் கிராமம் கிராமமாகப் பிரித்து, பாதிக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பரிசோதனை என்றதும் பெரிய யந்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். காடி என்கிறோமே, அதன் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டுத் தடவுவது. ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பது. கெட்டுப்போக ஆரம்பித்த இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். தேவைப்பட்டால் அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிப்பதையும் அவர்களே செய்தார்கள். இந்தப் புற்று ஒரே நாளில் வருவதில்லை. கிருமி தொற்றியதிலிருந்து புற்றாக மாறப் பத்து வருஷமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளுகிறது. அந்தப் பத்து வருஷத்துக்குள் எந்தக் காலையில் பார்த்தாலும் சரி, ஆளைக் காப்பாற்றிவிடலாம்.

அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்று வருவது நூற்றுக்கு 25 பங்கும், அதனால் சாவது 35 பங்கும் குறைந்திருந்தன. வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தப் பதினெட்டாயிரம் பேர் ஏன் வரவில்லை? யாராவது ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிகிற தெரு ஒன்றில் இருக்கிறாள். தீட்டு நின்று இரண்டு வருஷமான பிறகு மறுபடி உதிரம் காண்கிறது. மருமகளிடம் சொல்ல வெட்கம். நாத்தனாரிடம் சொன்னால், "என்ன மதினி, வயசு மாறுற காலம், அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். புருஷனிடம் சொல்லுகிற விஷயமா இது? மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், அது ஆகட்டும். பேரன் பிறந்து, தொட்டிலில் போட்டு, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிய பிறகு இடுப்பு வலி தாங்கவில்லை என்று வாய் திறக்கிறாள். அதற்குள் பத்து மாதம் ஆகிவிட்டது. முதல் கட்டம் எந்த நாளில் மூன்றாம் கட்டம் ஆயிற்று என்று அவளுக்கும் தெரியாது. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்புறம் மதுரை, அல்லது சென்னை. தினமும் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரத்துக்கும் குறையாது. மதுரையில் பாலரெங்காபுரத்தில் சர்க்கார் சிகிச்சை உண்டு. 2009 முதல் சர்க்கார் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் சிகிச்சைச் செலவு முன்போல் வீட்டை அடகு வைக்கச் செய்வதில்லை. விருதுநகருக்கே 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் ஐந்து வாரம் கூடவே தங்க ஓர் ஆள் வேண்டும். தங்குகிறவருடைய கூலியை எந்தத் திட்டமும் கொடுப்பதில்லை. பதினைந்து நாள் ஆனதும் உதிரம் நின்றுவிடும். "நின்னு போச்சே, ஊருக்குப் போயிட்டு அடுத்த மாசம் வரலாம்" என்பார்கள். பாதியில் விட்ட கதிர்வீச்சு, பாதி வைத்தியம் ஆகாது. மிஞ்சிய செல்கள் அந்த இடைவெளியில் மறுபடி பெருகிக்கொள்ளுகின்றன.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. டாக்டர் அறைக்குள் நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு நுழைகிற மகன், "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார்" என்கிறான். அன்பினால்தான் சொல்லுகிறான், சந்தேகமில்லை. அவளுக்குச் சாதாரணக் கட்டி என்று சொல்லப்படுகிறது. மருந்து ஏற ஏற வாந்தியும் முடி உதிர்வதும் ஆரம்பிக்கின்றன. சாதாரணக் கட்டிக்கு எதற்கு இந்தச் சித்திரவதை என்று அவள் நினைப்பதில் என்ன தவறு? எனக்கு வேண்டாம் என்று எழுந்துவிடுகிறாள். எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரியாமலே எடுக்கிற தீர்மானம் அது. மகனாலும் இப்போது உண்மையைச் சொல்ல முடியவில்லை. முதலில் சொன்ன பொய் குறுக்கே நிற்கிறது.

இராஜபாளையத்திலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். முன்பு மீட்டர்கேஜில் கொல்லம் மெயில் ஓடியது. இப்போது பொதிகை போகிறது. ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். புற்றுநோய்க்காரர் சிகிச்சைக்குப் போனால் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை; துணைக்குப் போகிறவர் கால் பங்கு கொடுத்தால் போதும். ரயில்வேக்காரர்கள் செய்திருக்கிற நல்ல காரியங்களில் இது ஒன்று. அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து, இவருக்கு இந்த நோய்தான் என்று டாக்டர் கையெழுத்திட்ட அத்தாட்சி கொண்டுபோக வேண்டும். ஆகவே, நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளப் போகிற முதல் பிரயாணத்துக்கு முழு டிக்கெட்.