எல்லையைச் சொல்லில் எழுதிய நாடு

கண்டியைப் பற்றிய பழைய வரைபடங்களையும் நூல்களையும் தேடிச் சேர்த்த ஒருவர் அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்ட முன்வந்தால், முதலிடம் பெரும்பாலும் ரொபர்ட் நொக்ஸுக்கே போகும். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் 19 ஆண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்ட ஆங்கிலேயர் அவர். தொப்பி பின்னி ஊர் ஊராக விற்றுத் திரிந்ததில் வழிகள் பழகின. 1679இல் அநுராதபுரக் காடுகளைக் கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பினார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் இலங்கையின் படம் ஒன்று உண்டு. சேகரிப்பாளருக்கு அது கிடைத்தற்கரியது. ஆனால் அதை முதலில் மாட்டி, பின்வந்த ஒல்லாந்த, ஆங்கிலப் படங்களை ஆண்டு வரிசையில் தொங்கவிட்டால், அந்நியர் வரைந்து காட்டும்வரை கண்டியர் தம் நிலத்தை அறியாதிருந்தார்கள் என்றே அந்தச் சுவர் சொல்லும். அது பொய்.

கண்டியர் தம் நிலத்தை எழுதித்தான் வைத்திருந்தார்கள். கோட்டில் அல்ல, சொல்லில். ‘கடயிம் பொத்’ எனும் எல்லை நூல்கள் ஆற்றையும் மலையையும் அடையாளமாகக் கொண்டு நாட்டின் பிரிவுகளை வகுத்துரைத்தன. ‘லேகம் மிட்டி’ ஏடுகள் எந்தக் காணி யார் கையில், அதற்காக அவர் அரசனுக்குச் செய்யும் ஊழியம் என்ன என்பதைப் பதிந்தன. அளவும் திசையும் இல்லாத ஏட்டை வரைபடத்துக்கு நிகராக வைக்கலாமா என்று கேட்கலாம். நொக்ஸின் படமும் சங்கிலி பிடித்து அளந்ததல்ல. நடந்து திரிந்தவனின் நினைவுதான் அது. தவிர, ஒற்றையடிப் பாதைகளை அகலமாக்காமல் விட்டு, கணவாய்களில் முட்கதவு கட்டிக் காவல் வைத்த அரசு, வழியைத் தாளில் வரைந்து வைக்காததை அறியாமை என்று கொள்ள இடமில்லை. தற்காப்பு என்றே கொள்ள வேண்டும்.

எழுத்தின் இந்த இருவகையும் மோதியது 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டிப் பகுதியில் காடெரித்துப் பயிரிடும் சேனை நிலத்துக்கு உரிமை கோருபவர் அரச சாசனமான சன்னஸோ மானியப் பத்திரமோ காட்ட வேண்டும், இல்லையேல் வழமையான வரி கட்டியதை நிறுவ வேண்டும் என்றது. தலைமுறையாகப் பயிரிட்டும் கையில் ஏடில்லாதவனின் நிலம் முடிக்குரியதாயிற்று. அளந்து விற்கப்பட்ட காட்டில் கோப்பி ஏறியது. அந்தக் கோப்பியைப் பறிக்கவே தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து மாத்தளைக்கு ஏறினார்கள் நம்மவர்கள். அவர்கள் இந்த மலைகளைக் கண்டிச் சீமை என்றார்கள். தோட்டங்களுக்குத் தமிழிலேயே பெயரிட்டார்கள். துரைமாரின் படத்தில் இருந்தவை வேறு பெயர்கள். ஆகவே ஒரு தோட்டப் படத்தை வெறும் அழகுப் பொருளாக மாட்டினால், நிலத்தை இழந்தவனும் அதில் உழைத்தவளும் ஒருசேர மறைந்துபோவார்கள்.

சேகரிப்பாளரின் மேல் ஏன் இத்தனை சுமை, அவர் காப்பாற்றித் தந்ததே போதாதா என்பது நியாயமான மறுப்பு. ஓலை, கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்புவது அரிது. தேடியலைந்தவர்கள் இல்லையேல் பல ஏடுகள் மண்ணாகியிருக்கும். ஆனால் காப்பது ஒன்று, காட்டுவது வேறொன்று. இலங்கையில் அரச அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் திரட்டிய 2,227 சுவடிகள் 1904இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றுக்குக் கே. டி. சோமதாச 7 தொகுதிகளில் விவரப் பட்டியல் தந்தார். சுவடிகள் பிழைத்தன, எழுதப்பட்ட மண்ணில் அவை இல்லை. எனவே கண்டியில் இத்தகைய சேகரம் வைக்கப்படும்போது ஒவ்வொரு தாளின் அடியிலும் யார் வரைந்தது, யாருக்காக, எந்தக் கைகள் வழியே இங்கு வந்தது என்ற மூன்றையும் எழுத வேண்டும். நொக்ஸின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் எல்லை நூலின் நகலையாவது விரித்து வைக்க வேண்டும். மூல ஏடு வெளிச்சத்தில் கெடும் என்பார்கள். நகலுக்கு அந்த அச்சம் இல்லை.