ராப்: ஐம்பதாண்டுக் குரலும் அதன் கணக்கும்

ராப் என்றால் எதிர்ப்பிசை என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை. ராப் பிறந்தபோது அது கொண்டாட்டம். எதிர்ப்பு பின்னால் வந்தது. அதற்கும் பின்னால் சந்தை வந்தது. சந்தை வந்தபின் அந்தக் குரலின் கணக்குப் புத்தகம் வேறு கைகளுக்குப் போனது. இந்த வரிசையை இன்று நாம் தெரிந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. நம் சேரிகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் கைப்பேசியில் பீட்டை ஓடவிட்டு வரி எழுதும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். அவர்கள் நுழையும் தெருவில் முன்னால் நடந்தவர்கள் யார், எந்த இடத்தில் எதைப் பறிகொடுத்தார்கள் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எரிந்துகொண்டிருந்த பிராங்க்ஸ்

நியூயார்க் நகரத்தின் வடபகுதி பிராங்க்ஸ். நகரக் கட்டுமானங்களைத் தன் பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டப்படி, 1948இல் தொடங்கி அதன் குறுக்கே ஒரு விரைவுச் சாலை போடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கர்களும் வாழ்ந்த தெருக்களை வரைபடத்தில் சிவப்பால் குறித்துக் கடன் தராமல் ஒதுக்கும் வழக்கம் அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்தது. 1970களில் கட்டடங்கள் எரியத் தொடங்கின. காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே தீ வைக்க ஏற்பாடு செய்த கட்டடங்களும் அதில் உண்டு. அதே ஆண்டுகளில்தான் நகர நிர்வாகம் செலவைக் குறைக்கத் தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970இல் 14.7 லட்சமாக இருந்த பிராங்க்ஸின் மக்கள்தொகை 1980இல் 11.7 லட்சம். பத்தே ஆண்டில் மூன்று லட்சம் பேர் குறைந்துபோனார்கள்.

கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையாகத் தெரியாது.

அந்த பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில், 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்கும்போது புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதுதான் நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ். கூல் ஹெர்க் என்ற பெயரில் உலகம் அறிந்தவர் அவர். ஜமைக்காவில் பிறந்து, 1967இல் குடிபெயர்ந்து வந்த குடும்பம். பாட்டில் குரல்கள் அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, அந்த நொடிகளை மாற்றி மாற்றி நீட்டினார். கோக் லா ராக் என்ற நண்பர் ஒலிவாங்கியைப் பிடித்து, வந்திருந்தவர்களின் பெயர்களைக் கூவி உற்சாகப்படுத்தினார். ராப் இசையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது இந்த இரவுதான்.

தாளத்தின் மேல் பேசும் கலை அன்று திடீரென முளைத்துவிடவில்லை. ஜமைக்காவின் தெரு ஒலிபெருக்கி மரபும், கறுப்பின வானொலி அறிவிப்பாளர்களின் எதுகைப் பேச்சும் அதற்கு முன்பே இருந்தன. 1968இல் ஹார்லெமில் உருவான லாஸ்ட் போயட்ஸ் குழுவும் கில் ஸ்காட் ஹெரானும் பறை போன்ற கைத்தாளங்களோடு அரசியல் கவிதை சொன்னார்கள். 1975இன் நிதி நெருக்கடியில் நியூயார்க் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் நீக்கப்பட்டபோது இசை வகுப்புகளும் அடிபட்டன. வாத்தியம் கிடைக்காத பிள்ளைகள் இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள். பூங்காக்களில் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஆட்டம் போட்டார்கள்.

ராப்பைப் பறையோடு ஒப்பிடுவது நம்மிடையே வழக்கம். ஒரு வேறுபாட்டைச் சேர்த்தே சொல்ல வேண்டும். சாவுக்கு அடிப்பது நம்மேல் சாதி சுமத்திய கட்டாய வேலை. அதை மறுத்தும், பிறகு கலையாக மீட்டும் நாம் இரண்டு போராட்டங்களை நடத்த வேண்டியிருந்தது. பிராங்க்ஸ் பிள்ளைகளின் ராப் யாரும் அவர்கள்மேல் சுமத்தாதது. அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது.

முதல் வெற்றியில் முதல் களவு

ஆறு ஆண்டுகள் ராப் பதிவு செய்யப்படாத இசையாகவே இருந்தது. கூட்டம் கலைந்தால் பாட்டும் முடிந்தது. 1979இல் சில்வியா ராபின்சன் என்ற கறுப்பினப் பெண் தயாரிப்பாளர் நியூ ஜெர்சியில் மூன்று இளைஞர்களைச் சேர்த்து சுகர்ஹில் கேங் என்ற குழுவை உருவாக்கினார். அவர்களுடைய ராப்பர்ஸ் டிலைட் அமெரிக்காவின் முதல் நாற்பது பாடல்களுக்குள் நுழைந்த முதல் ராப் பாடலானது.

அந்த மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், பீட்சா கடையில் வேலை பார்த்தவர். அவர் சொன்ன வரிகள் பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. காஸ் தன் பட்டப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றாமல் அப்படியே பதிவு செய்துவிட்டார்கள். பாட்டின் இசை ஷீக் என்ற புகழ்பெற்ற குழுவின் பாடலிலிருந்து எடுத்தது. ஷீக் குழுவினர் வழக்கு என்று எச்சரித்தார்கள். பாடலாசிரியர்களாக அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. காஸின் பெயர் சேர்க்கப்படவில்லை. ஷீக்கிடம் ஒப்பந்தமும் வழக்கறிஞரும் இருந்தார்கள். காஸிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம்.

பறித்தது வெள்ளை நிறுவனம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நம்மவர் நடத்தும் நிறுவனம் என்பதால் மட்டும் கணக்கு நேராகிவிடாது.

அதே நிறுவனம்தான் 1982இல் தி மெசேஜ் பாடலை வெளியிட்டது. உடைந்த கண்ணாடி, நாறும் படிக்கட்டு, கடன்காரர்கள் என்று சேரி வாழ்க்கையை ராப் நேருக்கு நேர் பேசியது அதில்தான். அது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் பெயரில் வந்தாலும், பெரும்பகுதி எழுதியவர் எட் ஃபிளெட்சர் என்ற இசைக்கலைஞர். பாடியவர் மெல்லி மெல். ஆட்டத்துக்கு வருகிறவர்கள் இதைக் கேட்பார்களா என்று குழுவுக்கே தயக்கம் இருந்தது. மக்கள் கேட்டார்கள். 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த முதல் ஐம்பது ஒலிப்பதிவுகளில் இதுவும் ஒன்று.

கோபமும் சந்தையும்

1980களில் கிராக் என்ற மலிவான போதைப்பொருள் கறுப்பினக் குடியிருப்புகளைச் சிதைத்தது. 1986இல் ஒரு சட்டம் வந்தது. விற்பதற்காக 5 கிராம் கிராக் வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டு சிறை. வசதியானவர்கள் பயன்படுத்திய கோகைன் தூளுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டியிருந்தது. ஒரே பொருளின் இரண்டு வடிவங்களுக்கு நூறு மடங்கு வேறுபாடு. சட்டம் எந்தத் தெருவைப் பார்த்து எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் பப்ளிக் எனிமியும், லாஸ் ஏஞ்சலீசின் காம்ப்டனிலிருந்து என்.டபிள்யூ.ஏ. குழுவும் வந்தார்கள். காவல்துறையைச் சாடிய பாடலுக்காக 1989இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் என்.டபிள்யூ.ஏ.வின் பாடல்களை வெளியிட்ட நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். 1991இல் ராட்னி கிங் என்ற கறுப்பின மனிதரைக் காவலர்கள் அடித்து நொறுக்கிய காணொளியை உலகமே பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று அந்தக் காவலர்கள் தண்டனையின்றித் தப்பினார்கள். நகரம் வெடித்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராப் முன்கூட்டியே சொன்னதைச் செய்தித்தாள்கள் பிறகு எழுதின.

இதே நேரத்தில் சந்தையிலும் மூன்று மாற்றங்கள் நடந்தன.

முதலாவது, 1991இல் பில்போர்டு பட்டியல் கடைக்காரர்களின் வாய்மொழிக் கணக்கை விட்டுவிட்டுக் கணினிவழி விற்பனைக் கணக்குக்கு மாறியது. சில வாரங்களிலேயே என்.டபிள்யூ.ஏ.வின் தொகுப்பு முதலிடம் பிடித்தது. ராப் எவ்வளவு விற்கிறது, வெள்ளையர் வாழும் புறநகரங்களில் எவ்வளவு விற்கிறது என்று நிறுவனங்களுக்குத் தெரிந்துபோனது. துப்பாக்கியும் போதையும் கொண்ட கறுப்பு இளைஞனின் படம் நல்ல சரக்கு என்று கண்டுகொண்டார்கள்.

இரண்டாவது, 1991 இறுதியில் பிஸ் மார்க்கி வழக்கின் தீர்ப்பு. அனுமதியின்றிப் பழைய பாடலின் துண்டை எடுத்தாள்வது திருட்டு என்று நீதிமன்றம் சொன்னது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் காசு. பத்துப் பதினைந்து துண்டுகளைக் கோத்து இசை செய்த முறை ஏழைக் கலைஞர்களுக்கு எட்டாமல் போனது. காஸின் வரிகள் போனபோது இந்தச் சட்டம் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவது, 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற தேசிய வரம்பை நீக்கியது. கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் சில ஆண்டுகளில் 1,200 நிலையங்களுக்கு மேல் சேர்ந்தன. எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களின் எண்ணிக்கை சுருங்கியது.

இதில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள். 1984இல் பதினான்கு வயதில் பதிவு செய்த ராக்சேன் ஷாண்டே, எம்.சி. லைட், குயீன் லத்தீஃபா என்று தொடக்கத்திலேயே வலுவான பெண் குரல்கள் இருந்தன. 1999இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை வென்ற முதல் ராப் கலைஞரும் லாரின் ஹில் என்ற பெண்தான். ஆனாலும் சந்தை விரும்பி விற்றது பெண்ணை உடலாக மட்டும் பார்க்கும் பாடல்களை. ஒடுக்கப்பட்ட ஆணின் கோபம் தன் வீட்டுப் பெண்ணின்மேல் இறங்குவதை விடுதலை என்று பெயரிட முடியாது. இது அமெரிக்காவுக்கு மட்டும் சொல்வது இல்லை.

இன்றும் இனியும்

2017இல் அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை வகையாக ராப்பும் ஆர் அண்ட் பியும் சேர்ந்து ராக் இசையை முந்தின. 2018இல் கென்ட்ரிக் லாமருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதுவரை செவ்வியல், ஜாஸ் இசைக்கு வெளியே யாருக்கும் அந்த இசைப் பரிசு கிடைத்ததில்லை. அவருடைய ஆல்ரைட் பாடல் 2015 முதல் காவல்துறை வன்முறைக்கு எதிரான ஊர்வலங்களில் முழக்கமாகவே மாறியிருந்தது.

அங்கீகாரம் ஒரு பக்கம். அதே ராப் வரிகளைக் குற்றத்துக்குச் சாட்சியாக நீதிமன்றத்தில் வாசிப்பது இன்னொரு பக்கம். யங் தக் மீதான ஜார்ஜியா வழக்கில் 2023இல் அவருடைய வரிகள் சாட்சியமாக அனுமதிக்கப்பட்டன. கொலைப்பாட்டு எழுதிய நாட்டுப்புறப் பாடகரை யாரும் கொலைகாரர் என்பதில்லை. கறுப்பின இளைஞனுக்கு மட்டும் கற்பனை செய்யும் உரிமை மறுக்கப்படுகிறது. 2022இல் கலிஃபோர்னியா இதற்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் இயற்றியது. போராடியதால் கிடைத்தது அது.

அடுத்தது எந்திரம். 2022இல் கேப்பிட்டல் நிறுவனம் எஃப்.என். மேகா என்ற கணினி உருவ ராப்பரை ஒப்பந்தம் செய்தது. கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்குகிறது என்று கண்டனம் எழவே, சில நாட்களில் கைவிட்டது. 2023இல் டிரேக்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலி செய்த பாடல் பரவி, பிறகு நீக்கப்பட்டது. மனிதர் இல்லாமல் அவர் குரலை மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நிறுவனங்கள் அதைத்தான் விரும்பும். காஸிடமிருந்து வரிகள் மட்டும் போதும் என்று 1979இல் முடிவு செய்தவர்களின் வாரிசுகள் இவர்கள்.

நம் பக்கம்

கறுப்பின மக்களோடு நமக்குள்ள உறவு இசைக்கு முந்தையது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர்ஸ், பெயரையே பிளாக் பேந்தர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்தைப் பெயராகச் சூடி, கானாவையும் ராப்பையும் ஒன்றாக்கியது. ஒடிசாவின் கோராபுட்டிலிருந்து சுமீத் சமோஸ் சாதியை நேரடியாகப் பெயர் சொல்லி ராப் எழுதினார்.

2021 மார்ச்சில் என்ஜாய் எஞ்சாமி வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எழுதினார். ஐந்து மாதம் கழித்து, அந்தப் பாடலைக் கொண்டாடிய ஓர் இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. எதிர்ப்பு எழுந்தபின் அவருக்கென ஓர் இணைய அட்டை வந்தது. 2022 சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாடல் அவர் இல்லாமல் ஒலித்தது. மற்ற கலைஞர்கள் அவர் பங்கைத் தாங்கள் மறைக்கவில்லை என்று விளக்கம் தந்தார்கள். 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே தங்களுக்கு அந்தப் பாடலால் வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாடலின் கதை இது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விவாதத்தில் நாம் நேரத்தைச் செலவிட்டோம் என்றால், ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டது என்ற கேள்வி தப்பிவிடும்.

ராப்பின் எதிர்காலம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்கிறது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிய நொடியிலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் என்பதில்லை. ஆனால் எழுதியது நீங்கள்தான் என்று காட்ட ஆதாரம் வேண்டும். வரியைத் தேதியோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். நண்பர்கள் சேர்ந்து செய்யும் பாட்டானாலும் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். குழுவில் பெண்கள் இருந்தால் அவர்கள் பெயர் பின்னணியில் நின்றுவிடாமல் பாருங்கள். ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள். படித்துச் சொல்ல வழக்கறிஞர் தோழர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள்.