குடியேற்றமும் அறச்சொத்தும்: பினாங்கு ஜார்ஜ் டவுன், 1786–1905

பினாங்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1786 ஆகஸ்ட் 11இல் தொடங்குகிறார்கள். அன்றுதான் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்டார். அதன் பிறகு சுங்கம் இல்லாத துறைமுகம், காட்டை வெட்டித் திருத்தியவனுக்கே நிலம் என்ற இரண்டு சலுகைகளும் மக்களை இழுத்துவந்தன, ஜார்ஜ் டவுன் எழுந்தது என்று கதை செல்கிறது. வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டு, அவற்றைப் பொறுக்கும் ஆசையிலேயே ஆட்களைக் காடு வெட்ட வைத்தார் என்ற செவிவழிச் செய்தியும் இதனோடு ஒட்டிக்கொண்டது. இக்கதையால் மக்கள் ஏன் வந்தார்கள் என்பது ஓரளவு விளங்கும். வந்தவர்களில் யார் தங்கினார்கள், எதைப் பற்றிக்கொண்டு தங்கினார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. குடியேற்ற ஆய்வுக்கு அந்த இரண்டாவது கேள்வியே முக்கியம் என்று கருதுகிறேன். சமூகங்கள் தம் இறைவனுக்கும் இறந்தோருக்கும் எழுதிவைத்த நிலமே ஜார்ஜ் டவுனில் வந்துபோகிறவர்களைக் குடிகளாக்கியது என்பதும், அந்த நிலத்தின் மீதான உரிமைப் போராட்டமே நகரத்தின் உள்வரலாறு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வந்தவர்கள் யார்? ஆளில்லாத் தீவுக்குத் தொலைதூரத்திலிருந்து வந்த அந்நியர்கள் என்ற படம் சரியானதல்ல. எதிர்க்கரையில் கடாரம் இருந்தது. தீவும் கடாரத்து சுல்தானுக்கு உரியதே. சயாமுக்கு எதிரான படையுதவியை எதிர்பார்த்துத்தான் சுல்தான் அப்துல்லா தீவை விட்டுக்கொடுக்க இசைந்தார். உதவி வரவில்லை. தீவை மீட்க அவர் எடுத்த முயற்சியும் தோற்றது. 1791இல் ஆண்டுக்கு 6000 ஸ்பானிய டாலர் என்ற தொகைக்கு உடன்பட நேர்ந்தது. அந்தக் கடாரத்தில் சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள், அதாவது சூலியர்கள், தலைமுறைகளாக வாழ்ந்துவந்தார்கள். துணியைக் கொண்டுபோய் விற்று, தகரத்தையும் மிளகையும் ஏற்றிவந்தார்கள். அரசவையின் வணிகராகவும் சிலர் பணிபுரிந்தார்கள். சீனர்களின் முதல் கப்பித்தானாக, அதாவது சமூகத் தலைவராக, 1787இல் அமர்த்தப்பட்ட கோ லே ஹுவானும் கடாரத்தின் கோலா மூடாவிலிருந்து கடந்துவந்தவர்தான். முதல் அலையின் பெரும்பகுதி அண்டைக் கரையிலிருந்தே வந்தது. அவர்களோடு அவர்களின் கடன் தொடர்புகளும் கப்பல்களும் தலைமையும் சேர்ந்தே வந்தன. லைட்டின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆற்றுக்கு அவர் ஒரு மதகைத் திறந்துவிட்டார்.

1794இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், குடிகளைப் பற்றி லைட் அனுப்பிய அறிக்கை இந்தப் பொருளில் நமக்குக் கிடைக்கும் மிகச் செழிப்பான சான்று. சீனர் ஏறக்குறைய 3000 பேர் என்கிறார். பெரிய செலவின்றி வரி பெறக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே என்றும் குறிக்கிறார். சூலியரில் சுமார் 1000 பேர் நிலையாகத் தங்கியிருக்கிறார்கள். சிலர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பலர் கடாரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்களும் உண்டு. இவர்களைத் தவிர, கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேரை இறக்கிவிடுகின்றன. அவர்கள் சில டாலர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு அடுத்த கூட்டம் வருகிறது. தங்கியவர்களைவிட வந்துபோகிறவர்கள் அதிகம்! இத்தகைய சமூகம் ஒரு நகரத்தில் வேர்பிடிக்காமலே போயிருக்கலாம். தெற்காசியத் தொழிலாளர் புலம்பெயர்வைப் பற்றிய எழுத்துகள் பலவும் சூலியரை அப்படித்தான், தற்காலிகர்களாக, நடத்துகின்றன. நகரத்தின் நடுவிலோ அவர்களுடைய பள்ளிவாசல் நிற்கிறது.

அந்தப் பள்ளிவாசலின் நிலத்தை 1801இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் வழங்கினார். பரப்பு 18 ஏக்கர். பெற்றவர்களின் தலைவர் காதர் முகைதீன், சூலியரின் கப்பித்தான், கப்பல் உரிமையாளர். சூலியரைக் கிளிங் என்றும் அழைத்ததால் இன்றும் அது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தொழுகைக்கு ஒரு கட்டடம் போதும். 18 ஏக்கர் எதற்கு? அடக்கத்தலம், குளம், வீடுகள், வாடகை தரும் இடங்கள் எல்லாம் அந்த எல்லைக்குள் அமைந்தன. ஆண்டுதோறும் கப்பலில் இறங்கிய ஆயிரக்கணக்கானோருக்கு வந்ததும் ஒதுங்க இடமும், செத்தால் அடங்க மண்ணும் அங்கே உறுதியாக இருந்தன. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், நிலம் மாறவில்லை. ஆட்களின் போக்குவரத்துக்கு நடுவே நிலைத்தன்மையை நிலமே சுமந்தது. அக்காலத்திலேயே இந்துக்களின் கோயிலுக்கும் அருகில் இடம் கிடைத்தது. அது 1833இல் குயின் தெரு மாரியம்மன் கோயிலாக உருப்பெற்றது. சுமத்ராவின் அச்சேயிலிருந்து தம் கூட்டத்தோடு வந்து குடியேறிய செல்வர் சையது உசேன் 1808இல் தம் சுற்றத்துக்கென லெபு அச்சே தெருவில் பள்ளிவாசல் எழுப்பினார். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு குடியிருப்பு வளர்ந்தது.

காலனிய ஆட்சி இனம் இனமாகப் பிரித்து வைத்ததால்தான் இத்தகைய நகரமைப்பு தோன்றியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பினாங்குக்கு அது பாதியே பொருந்தும். கம்பெனியிடம் தெருக்களைத் திட்டமிடவும் காவல் வைக்கவும் பணமே இல்லை. அபினி, சாராயம், சூது ஆகியவற்றின் குத்தகையை ஏலம் விட்டுத்தான் நிர்வாகம் நடந்தது. குடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அது கப்பித்தான்களிடம் ஒப்படைத்தது. கப்பித்தான்கள் அறநிலங்களின் வழியாகத் தெருக்களை அமைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் அடி 1807இல் விழுந்தது. அவ்வாண்டு வழங்கப்பட்ட நீதிச் சாசனம் பினாங்கில் ஆங்கிலச் சட்ட நீதிமன்றத்தை நிறுவியது. மறு ஆண்டு எட்மண்ட் ஸ்டான்லியின் தலைமையில் அது இயங்கத் தொடங்கியது. கப்பித்தான்கள் வழக்குத் தீர்க்கும் அதிகாரம் சுருங்கியது. அடியின் முழு வலி உணரப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தச் சாசனத்தோடு ஆங்கிலச் சட்டமே தீவின் சட்டமாகிவிட்டது என்று 1858இல் வில்லன்ஸ் வழக்கில் நீதிபதி பென்சன் மாக்ஸ்வெல் தீர்த்தார். 1871இல், பெருவணிகர் நூர்தீனின் உயில் தொடர்பான பாத்திமா எதிர் லோகன் வழக்கில், பினாங்கு முஸ்லிமின் உயிலும் ஆங்கிலச் சட்டப்படியே மதிப்பிடப்படும் என்று நீதிமன்றம் கூறியது. 1875இல் யப் சியா நியோ வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. ஒரு சீன மூதாட்டி தம் குடும்பத்தின் இடுகாட்டுக்கும், தமக்கும் தம் கணவருக்கும் நீத்தார் சடங்கு செய்யும் வீட்டுக்கும் சொத்தை ஒதுக்கியிருந்தார். முடிவின்றித் தொடரும் இத்தகைய ஒதுக்கீடு பொதுநல அறம் ஆகாது, ஆகவே செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. ஆண்டுக் கந்தூரிக்கென முஸ்லிம்கள் விட்டுச்சென்ற சொத்துகளும் இதே தருக்கத்தில் சிக்கின.

இந்தத் தீர்ப்புகளைச் சட்ட வரலாற்றின் மூலையில் விட்டுவிடக் கூடாது. சொத்து எக்காலமும் சந்தையில் புழங்கவேண்டும், இறந்தவனின் கை அதைப் பிடித்துவைக்கலாகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. இறந்தவர்களுக்காகச் சொத்தைப் பிடித்துவைத்ததால்தான் துறைமுகத்தில் குடிகளே உருவானார்கள். நகரம் எந்த நெறியால் வளர்ந்ததோ அதே நெறியை நகரத்தின் நீதிமன்றம் குற்றமாகக் கண்டது. சூலியரை இது கடுமையாகத் தாக்கியது. அவர்களின் அறம் பெரும்பாலும் தனி மனிதர் எழுதிய உயில்களிலும் வக்ஃபுகளிலும் தங்கியிருந்தது. சீனர்களின் பெருங்குலங்களோ கொங்சி என்ற கூட்டமைப்பின் பெயரில், அறங்காவலர் வழியாக, கூட்டாக நிலம் வாங்கின. கூ குலத்தின் லெங் சான் தோங் அமைப்பு 1851இல் கானன் சதுக்கத்தில் வாங்கிய இடத்தில் இன்றும் அதன் குலக்கோயில் நிற்கிறது. சீனர் வென்றதற்குக் காரணம் உழைப்பும் சிக்கனமும் என்று லைட் காலம் முதல் சொல்லப்பட்டு வருகிறது. சொத்தை எந்த வடிவத்தில் வைத்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்காமல் அந்த விளக்கத்தை ஏற்பதற்கில்லை.

ஒரு மறுப்புக்கு விடை சொல்லவேண்டும். நகரத்தை வளர்த்தது வணிகம்தானே என்று கேட்கலாம். 1819இல் சிங்கப்பூர் தோன்றியதும் பினாங்கின் கிழக்கு வணிகம் அங்கே போயிற்று. 1832இல் நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகரும் போயிற்று. வணிகமே வேர் என்றால் நகரம் அந்த ஆண்டுகளில் கலைந்திருக்கவேண்டும். கலையவில்லை. மாரியம்மன் கோயில் எழுந்தது தலைநகர் போன மறு ஆண்டில்! பிறகு பேராக்கைச் சேர்ந்த லாரூட்டின் தகரம் நகரத்துக்குப் புதுவாழ்வு தந்தது உண்மை. அந்தச் சுரங்கங்களில் இறங்கிய முதலும் ஆட்களும் ஜார்ஜ் டவுனில் ஏற்கெனவே காலூன்றியிருந்த கூட்டங்களின் வழியாகவே போயினர்.

இதற்குள் பள்ளிவாசல் நிலத்தில் வேறொரு சிக்கல் முற்றியது. அறங்காவலர்கள் கணக்குக் காட்டவில்லை, நிலம் கைமாறுகிறது, நெருக்கமான குடிசைகள் பெருகிவிட்டன என்ற குறைகள் எழுந்தன. 1905இல் முகம்மதிய, இந்து அறநிலையச் சட்டம் வந்தது. சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த குடியிருப்புகளை அகற்றியது. ஹென்றி நியூப்ரோனரின் வடிவமைப்பில் கட்டடம் பெரிதாயிற்று. இன்று பயணிகள் படம் எடுக்கும் வெங்காயக் குவிமாடமும் விரிந்த வெளியும் அந்தக் காலத்து வேலை. அழகு கூடியது, அங்கே வாழ்ந்த சூலியர் வெளியேறினர். முறைகேடுகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அறநிலத்தைக் காப்பதற்கென வந்த சட்டம், அந்நிலம் எந்தக் குடிகளைத் தாங்கிநின்றதோ அவர்களையே பெயர்த்தது. இந்த இழப்பைப் பினாங்கு வரலாறு போதிய அளவு பேசவில்லை. பின்னாளில் வாரியமும் பிரிந்தது. முஸ்லிம் அறச்சொத்துகள் மாநில இஸ்லாமிய சமய மன்றத்திடம் சென்றன, இந்துக் கோயில்கள் தனி வாரியத்தின் கீழ் வந்தன. ஒரே கப்பலில் நாகப்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஏறி, பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடியேறிய தமிழ் பேசும் மக்களின் வரலாறு இரண்டு அலுவலகங்களின் கோப்புகளில் பிரிந்து கிடக்கிறது. 1801ஆம் ஆண்டின் நிலக்கொடைப் பத்திரங்கள், 19ஆம் நூற்றாண்டின் உயில்கள், 1905க்குப் பிந்திய வாரியப் பதிவுகள் ஆகிய மூன்றையும் சேர்த்து வாசிக்கும் ஆய்வாளர்களே அதை மீண்டும் ஒன்றாக்க முடியும்.